அக்கா ஊர் பார்த்த விதம்

எனக்குக் காலி பீரியட்டே ஆகாது. ஒரு பள்ளிக்கூடத்துல டைம்டேபிள் போடுறது என் வேலை. காலையில எந்த டீச்சர் வயித்து வலின்னு போன் பண்ணினாலும், மணி அடிக்கிறதுக்குள்ள அந்த வகுப்புக்கு வேற ஆளைத் தள்ளி விட்டுடுவேன். ஒரு வகுப்பு முழுக்கப் பிள்ளைங்க சும்மா உட்கார்ந்திருக்கிறதைப் பார்த்தா எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும். ஸ்டாஃப் ரூம்ல எனக்கு மணிக்கூண்டுன்னு பேரு. நேர்ல சொல்ல ஒருத்தருக்கும் தைரியம் கிடையாது, அது வேற விஷயம்.

அப்படிப்பட்டவ கையில ஒரு பயணத்தைக் குடுத்தா என்ன ஆகும்? நீர்வீழ்ச்சி, மியூசியம், கோபுரம், பூந்தோட்டம், படகு, மலை உச்சின்னு அஞ்சு நாளைக்கு மூச்சு விட இடம் இல்லாம திட்டம் போட்டேன். அக்காவுக்காகத்தான் போட்டேன். அவ கண்ணு போய்க்கிட்டிருந்துச்சு.

அக்கா பெயிண்ட் கடையில கலர் கலக்குறவ. பெயர்ந்து விழுந்த சுவர்த் துண்டை யாராவது கொண்டு வந்து நீட்டினா, வாசல் வெளிச்சத்துல ரெண்டு தடவை திருப்பிப் பார்த்துட்டு அதே நிறத்தை டப்பாவுல கலக்கிக் குடுத்துடுவா. போன வருஷம் அதே கடையில, தரையில இருந்த டப்பாக்கள் மேல தடுக்கித் தடுக்கி விழ ஆரம்பிச்சா. டாக்டர் பார்த்தார். ஓரத்துப் பார்வை போயிடுச்சு, குழாய் வழியா பார்க்கிற மாதிரி நடுவுல மட்டும்தான் தெரியுது, அந்தக் குழாயும் சுருங்கிக்கிட்டே வரும்னு சொன்னார். எப்ப மூடும்னு கேட்டோம். ஒரு வருஷமும் ஆகலாம், அஞ்சு வருஷமும் ஆகலாம்னார். மருந்து கேட்டதுக்குக் கையை விரிச்சுட்டார்.

எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒருத்தன் இருக்கான். எனக்கு அண்ணன், அவளுக்குத் தம்பி. தங்கமானவன், அதுதான் சிக்கலே. கெட்டவனா இருந்தா ஒரு சண்டை போட்டுட்டு ஒதுங்கிடலாம். இவன் வீட்டுப் பின் ரூமைக் காலி பண்ணி, பாத்ரூம்ல பிடிச்சுக்கக் கம்பி போட்டு, வாசப்படியை இடிச்சுச் சரிவாக்கி, "அக்கா இனிமே இங்கதான்"னு சொல்லிட்டான். நானும் தலையாட்டினேன். அத்தான் போனதிலேர்ந்து அக்கா ஒரு மாடி வீட்டுல தனியாத்தான் இருக்கா. பிள்ளை குட்டி இல்லை. கண்ணு தெரியாதவ அந்தப் படியை எப்படி ஏறி இறங்குவா, அடுப்பை எப்படிப் பத்த வைப்பா? ஊருக்குப் போயிட்டு வந்த கையோட மாடி வீட்டுச் சாவியை வீட்டுக்காரர்கிட்ட குடுத்துடறதுன்னு பேச்சு முடிஞ்சுது. அக்கா ஒண்ணும் எதிர்த்துச் சொல்லலை. அதுக்கு முன்னாடி தெரியாத ஊரு எதுக்காவது கூட்டிட்டுப் போங்கன்னு மட்டும் கேட்டா. கண்ணு இருக்கும்போதே நாலு இடத்தைப் பார்த்துடணும்னு ஆசைப்படறான்னு நாங்களே அர்த்தம் பண்ணிக்கிட்டோம்.

முதல் நாள் நீர்வீழ்ச்சி. கால்ல வெந்நீரைக் கொட்டிக்கிட்ட மாதிரி அவளை இழுத்துக்கிட்டு ஓடினேன். எதிர்ல இருந்த பாலத்து மேல ஏறி, கூட்டத்தை முழங்கையால தள்ளி, கம்பி ஓரத்துல நல்ல இடமாப் பிடிச்சு அவளை நிறுத்தினேன். "கண்ணுல விளக்கெண்ணெயை விட்டுக்கிட்டு நல்லாப் பார்த்துக்கோக்கா"ன்னேன். கண் கூசுதுன்னு டாக்டர் ஒரு கறுப்புக் கண்ணாடி குடுத்திருந்தார். அதைப் போட்டுக்கிட்டு அசையாம நின்னா. நான் போட்டோவா எடுத்துத் தள்ளினேன்.

"இடது பக்கம்தான் தண்ணி பெரிசா விழுது, இல்லடி?"ன்னா.

"ஆமா. நேரமாச்சு, வா."

"கீழே பாறை இருக்கா, பள்ளமா?"

என்ன கேள்வி இது, கண்ணு முன்னாடிதானே இருக்குன்னு நினைச்சேன். கேட்கலை. மியூசியம் மூடிடுவாங்களேன்னு பறந்துக்கிட்டிருந்தேன்.

மியூசியத்துலயும் அப்படித்தான். சுவர் நிறைய ஓவியம். நிறத்துலயே வாழ்ந்தவ, இதைப் பார்த்தா உருகிப் போயிடுவான்னு எதிர்பார்த்தேன். அவ கூடத்து நடுவுல நின்னுக்கிட்டு, ஒரு தடவை தொண்டையைச் செருமினா. இன்னொரு தடவை செருமினா. "இங்க கூரை ரொம்ப உயரம்டி. அடுத்த ரூம் சின்னது, கம்பளம் விரிச்சிருக்காங்க"ன்னா. அடுத்த ரூமுக்கு நாங்க இன்னும் போகவே இல்லை. எட்டிப் பார்த்தேன், கம்பளம் இருந்துச்சு. எனக்கு என்னவோ போல இருந்துச்சு.

அதைவிடப் பெரிய கூத்து சாயங்காலம் நடந்துச்சு. லாட்ஜ் ரூம்ல உட்கார்ந்து அன்னிக்கு எடுத்த போட்டோவெல்லாம் காட்டினேன். கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு, போனை மூக்குக்குக் கிட்ட வெச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா ஆசையா பார்த்தா. "ஓ, இதுதானா அது! நான் பாலம் மரத்துலன்னு நினைச்சேன், இரும்பா?"ன்னா. அந்தப் பாலத்து மேல அரை மணி நேரம் நின்னிருக்கா!

மறுநாளும் பூந்தோட்டத்துல இதே கதை. வரிசையா பூ பூத்துக் கிடக்கு, இவ முகத்தை ஆகாசத்தைப் பார்த்து வெச்சுக்கிட்டு, மூக்கை விரிச்சுக்கிட்டு நடக்கறா. எனக்குள்ள ஒரு புழு குடைய ஆரம்பிச்சுது. என்னதான் பண்றா இவ? எதையோ மறைக்கிறான்னு மட்டும் தெரிஞ்சுது. எதைன்னு தெரியலை.

மூணாவது நாள் கோபுரத்து உச்சி. கீழே ஆறு, பாலம், ஊரு மொத்தமும் விரிச்சுப் போட்ட மாதிரி கிடந்துச்சு. அக்கா கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. நான் அவ பக்கத்துல போயி, ரொம்பச் சாதாரணமா, "அக்கா, பாலத்து மேல யானை போகுது பாரு"ன்னேன்.

அங்க யானையும் இல்லை, பூனையும் இல்லை.

"ஆமாடி"ன்னா அக்கா. "எவ்வளவு அழகா போகுது!"

அவ்வளவுதான், கண்ணு போயிடுச்சு. குழாய் மூடிடுச்சு. நம்மகிட்ட சொல்லாம மறைச்சுக்கிட்டு, தெரியுது தெரியுதுன்னு நடிச்சுக்கிட்டு என் பின்னாடி மூணு நாளா ஓடி வந்திருக்கா. நான் என்னடான்னா போட்டோ எடுத்துக்கிட்டு, நேரமாச்சு நேரமாச்சுன்னு அவளை மாடு மாதிரி ஓட்டிக்கிட்டிருந்திருக்கேன். அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. சட்டுன்னு கையை நீட்டி அவ கண்ணாடியைப் பிடுங்கினேன்.

கண்ணு ரெண்டையும் இறுக்கி மூடிக்கிட்டிருந்தா.

வெயில் பட்டதும் திறந்தா. என்னை நேராப் பார்த்தா. பாலத்தைப் பார்த்தா. திருட்டு முழி முழிச்சா.

"எங்கடி யானை?"ன்னா.

கோபுரத்துலேர்ந்து கீழே இறங்குற வரைக்கும் நான் வாயைத் திறக்கலை. திறந்திருந்தா அங்க இருந்த மொத்தக் கூட்டமும் எங்களை வேடிக்கை பார்த்திருக்கும். கீழே ஒரு பெஞ்சுல உட்கார்ந்ததும் ஆரம்பிச்சேன். "பூனை கண்ணை மூடிக்கிட்டா பூலோகம் இருண்டுடும்னு நினைச்சியா? லீவு போட்டு, உன்னைக் கூட்டிட்டு வந்து, இடம் இடமாக் காட்டறேன், நீ கண்ணை மூடிக்கிட்டு நிக்கறே! எனக்கென்ன பைத்தியமா? கண்ணு இருக்கறப்பவே நாலு நல்லதைப் பார்த்துக்க வேண்டாமா?"

"பார்த்துட்டு?"

"பார்த்துட்டுன்னா?"

"பார்த்துட்டு, அதையே நினைச்சுக்கிட்டு உன் அண்ணன் வீட்டுப் பின் ரூம்ல உட்கார்ந்திருக்கணுமா?" அக்கா குரலை உயர்த்தவே இல்லை. "ஒரு நீர்வீழ்ச்சியை எத்தனை வருஷத்துக்குடி நினைச்சுக்கிட்டிருக்கறது? எனக்கு இனிமேயும் ஊர் சுத்தணும். கடைக்குப் போகணும். என் வீட்டுக் கதவை நானே திறக்கணும். அது முடியுமா முடியாதான்னு பார்க்கத்தான் வந்தேன். இடத்துல போயி நின்னுக்கிட்டு, எங்க பள்ளம், எங்க சுவரு, எந்தப் பக்கம் ஆளுங்க வர்றாங்கன்னு காதை வெச்சே கண்டுபிடிப்பேன். சாயங்காலம் உன் போட்டோவுல விடையைச் சரி பார்த்துக்குவேன்."

பரீட்சை எழுதியிருக்கா! என் பக்கத்துலயே நின்னு, எனக்கே தெரியாம.

"இதை நம்ம ஊர்ல பண்ணக் கூடாதா?"

"நம்ம தெருவுல நான் கண்ணை மூடிக்கிட்டு ரெண்டு அடி வெச்சா நாலு பேரு கையைப் பிடிச்சுடுவாங்க. அதோட அந்தத் தெரு என் காலுக்கு மனப்பாடம். பார்த்த கேள்வித்தாளையே திரும்பவும் எழுதறதுல என்ன இருக்கு? நீயே சொல்லு, நீதானே பள்ளிக்கூடத்துக்காரி."

அவ கைப்பையைத் திறந்து, மடிச்சு வெச்சிருந்த ஒரு வெள்ளைக் குச்சியை எடுத்தா. உதறினதும் ஒவ்வொரு துண்டா நிமிர்ந்து நீளக் கோலாச்சு. எப்ப வாங்கினா, யாருகிட்ட கத்துக்கிட்டா, ஒண்ணும் தெரியாது. கடைக்குப் பக்கத்துல ஒரு பயிற்சி நிலையம் இருக்காம், சாப்பாட்டு நேரத்துல போயிட்டு வந்திருக்கா. அந்தக் குச்சியைப் பார்த்ததும்தான் அவ கண்ணு போகப் போறது எனக்கு உறைச்சுது. டாக்டர் சொன்னப்பகூட இவ்வளவு வலிக்கலை.

"இன்னும் ரெண்டு நாள் இருக்கு"ன்னா அக்கா. "மலையும் வேண்டாம், படகும் வேண்டாம். ஒரே ஒரு தெருவை எனக்குக் குடு. கடைசியில நான் தனியாப் போயிட்டு வருவேன். முடியலைன்னா, நானே பெட்டியைக் கட்டிக்கிட்டு அவன் வீட்டுக்குப் போயிடறேன். மூச்சு விட மாட்டேன்."

மலை உச்சிக்கு டிக்கெட் எடுத்து வெச்சிருந்தேன். மனசு கேட்கலை. ரெண்டு நாளும் முழுசா காலி பீரியட்! ஆனா அவ முகத்தைப் பார்த்து முடியாதுன்னு சொல்ல எனக்கு நாக்கு வரலை.

லாட்ஜ் இருந்த தெருவையே எடுத்துக்கிட்டோம். பார்க்க ஒண்ணுமே இல்லாத தெரு. ஒரு ரொட்டிக்கடை, துணி வெளுக்கிற கடை, சாவி போடுற கடை, பஸ் ஸ்டாப், அவ்வளவுதான். அக்கா கண்ணாடிக்கு உள்பக்கம் கறுப்புக் காகிதத்தை வெட்டி ஒட்டிக்கிட்டா. தெரியாம கண்ணைத் திறந்தாலும் ஒண்ணும் தெரியக் கூடாதாம். நான் ஒரு அடி தள்ளி நடந்தேன். விழப் போனா மட்டும்தான் பிடிக்கணும்னு உத்தரவு.

முதல் நடையிலேயே ரொட்டிக்கடைப் பலகையில முட்டிக்கிட்டா. அடுத்த தடவை பலகைக்கு முன்னாடியே நின்னா. "எப்படித் தெரிஞ்சுது?"ன்னு கேட்டேன். "கணுக்கால்ல சூடு"ன்னா. குனிஞ்சு பார்த்தேன். நடைபாதையோட ஒட்டின மாதிரி ஒரு இரும்பு வலை, அதுக்குக் கீழே கடையோட அடுப்பு. நான் எத்தனையோ தடவை அது மேல நடந்து போயிருக்கேன். என் காலு கட்டைக் காலுதான் போல.

அப்புறம் எனக்கும் ஆசை வந்துடுச்சு. "குடு, நான் ஒரு தடவை போறேன்"னு கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கிட்டேன். பத்தடி போறதுக்குள்ள ஒரு சைக்கிளைக் கட்டிப் பிடிச்சேன். சைக்கிள்காரர் ரொம்ப நல்ல மனுஷன், "பரவாயில்லம்மா, அதுக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு"ன்னார். அக்கா வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. மானமே போச்சு. ஆனா விடலை நான். இன்னொரு தடவை, மெதுவா, ஒவ்வொரு அடியா வெச்சேன். ரெண்டு கட்டடத்துக்கு நடுவுல சந்து வந்தா தெருச் சத்தம் ஒரு பக்கமா திறந்துக்குது, தெரியுமா? சுவரு பக்கத்துல இருந்தா காதுக்குள்ள ஒரு கனம். இவ்வளவு வருஷமா இந்தக் காதை மணியடிக்குதான்னு கேட்கறதுக்கு மட்டுமே வெச்சிருந்திருக்கேன்.

அந்தத் தெருவுல நாங்க இப்படியும் அப்படியும் போயிக்கிட்டே இருந்ததுல எல்லாருக்கும் சந்தேகம் வந்துடுச்சு. சாவிக்கடைக்காரர் நாங்க ஏதோ அரசாங்கத்து ஆளுங்க, தெருவை அளக்க வந்திருக்கோம்னு நினைச்சு, எங்களைக் கண்டதும் நடைபாதையில இருந்த சாமானையெல்லாம் உள்ளே இழுத்தார். வெளுப்புக்கடை அம்மா நேராவே கேட்டுட்டாங்க. "எந்தக் கட்டடத்தை வாங்கப் போறீங்க?" விஷயத்தைச் சொன்னோம். அவங்க இஸ்திரிப் பெட்டியை ஓரமா வெச்சாங்க. அப்புறம், "என் கடையைத் தாண்டினதும் தரை இறங்கும், பார்த்துப் போங்க. நானே ரெண்டு தடவை விழுந்திருக்கேன், எனக்குக் கண்ணு நல்லாவே தெரியும்"னாங்க. எங்களை உள்ளே உட்கார வெச்சு டீ குடுத்தாங்க. அந்தக் கடையில ஆவி போற சத்தத்தை வெச்சு, எந்த இயந்திரம் எங்க இருக்குன்னு அக்கா ஒவ்வொண்ணா கை காட்டினா. நான் சும்மா உட்கார்ந்து டீ குடிச்சேன். மணி பார்க்கவே இல்லைன்னு வெளிய வந்தப்புறம்தான் தெரிஞ்சுது.

கடைசி நாள் மத்தியானம் வந்துச்சு. அக்கா தலையை வாரிக்கிட்டா, செருப்பை இறுக்கிக்கிட்டா. இந்தத் தெரு பத்தாது, தெரியாத இடமா இருக்கணும்னு பிடிவாதம். லாட்ஜை நடத்துற அம்மாகிட்ட கேட்டா. பக்கத்துத் தெருவுல தேயிலைக் கடை ஒண்ணு இருக்கு, இங்கேர்ந்து நேராப் போயி, சிக்னல்ல தெருவைத் தாண்டி, வலது பக்கம் திரும்பணும்னு அவங்க சொன்னாங்க. சிக்னல்னதும், "அது வேண்டாம்க்கா"ன்னேன்.

"நீ ரூம்லயே இருக்கணும்"ன்னா அக்கா. "பின்னாடி வந்தே, அப்புறம் நான் உனக்கு அக்கா இல்லை."

"சத்தியமா வர மாட்டேன்"னு சொன்னேன். வர்றதாத்தான் இருந்தேன். வேற என்ன பண்ணுவேன்? கூடப் பிறந்தவளைத் தெருவுல விட்டுட்டு ரூம்ல உட்கார்ந்திருப்பேனா?

அவ குச்சி படியில இறங்குற சத்தம் நிக்கிற வரைக்கும் காத்திருந்தேன். செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு, வெறுங்காலோட, திருடி மாதிரி இறங்கினேன். வாசல் கதவு இடுக்கு வழியா பார்த்தேன். அக்கா நடைபாதையில நின்னுக்கிட்டிருந்தா. தலையைக் கொஞ்சம் சாய்ச்சு எதையோ கேட்டா. குச்சியை இடது வலதா வீசிக்கிட்டு நடக்க ஆரம்பிச்சா. கொஞ்ச தூரம் போனதும் எதிர்ல வந்த ஒருத்தர் அவ தோள்ல இடிச்சுட்டுப் போனார். அக்கா தடுமாறினா. எனக்குள்ள ஒரு குரல், "பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன்ல"ன்னுச்சு.

அது என் குரல்தான். அண்ணன்கிட்ட போன்ல சொல்றதுக்கு வார்த்தையை நான் அடுக்கிக்கிட்டிருந்தேன். முடியலைண்ணா, ரூமைத் தயார் பண்ணிடு, அவளும் ஒத்துக்கிட்டா. அவளைக் காப்பாத்தணும்னுதான் செருப்பைத் தூக்கிக்கிட்டு வந்தேன்னு நினைச்சேன். இல்லை. அவ விழணும்னு ஒரு மூலையில காத்துக்கிட்டிருந்தேன். விழுந்துட்டா என் பயம் தீர்ந்துடும். தினம் தினம் இவ எங்க இருக்கா, என்ன ஆனான்னு பதற வேண்டாம். சே, என்ன ஜென்மம் நான்னு எனக்கே அருவருப்பா இருந்துச்சு. கதவைச் சாத்திட்டு மேல ஏறிட்டேன்.

ரூம்ல ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல். ஜன்னல் பின் பக்கம் பார்த்தது, தெரு தெரியாது. நாற்காலியில உட்கார்ந்தேன். எழுந்தேன். திரும்ப உட்கார்ந்தேன். எங்கயோ ஒரு வண்டி பிரேக் போட்டா உயிர் போயி உயிர் வந்துச்சு. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்குதான்னு காதைத் தீட்டிக்கிட்டிருந்தேன்.

போன் அடிச்சுது. அண்ணன்.

"ரூமுக்கு பெயிண்ட் அடிக்க ஆள் வந்திருக்கான். அக்காவுக்கு எந்தக் கலர் வேணும்னு கேட்டுச் சொல்லு."

"அவ இல்லை. வெளிய போயிருக்கா."

"யாரு கூட?"

"தனியா."

அப்புறம் அவன் கத்தினதை அப்படியே சொன்னா காது கூசும். உனக்கு அறிவிருக்கா, கண்ணு தெரியாதவளை ஊரு பேரு தெரியாத இடத்துல விட்டுட்டு நீ என்னத்தைப் புடுங்கறே, ஓடு, ஓடிப் போயித் தேடுன்னான். அவன் குரல் உடைஞ்சுது. அழறான்னு தெரிஞ்சுது. எனக்கும் அழுகை வந்துச்சு.

"போக மாட்டேண்ணா"ன்னேன்.

"ஏன்?"

"பின்னாடி வர மாட்டேன்னு அவகிட்ட சொல்லிட்டேன்."

போனை வெச்சுட்டேன். அவ போயி ரொம்ப நேரம் ஆயிடுச்சுன்னு வெயிலே சொல்லிச்சு. சுவத்துல ஏறிப் போன வெயில் கூரையைத் தொட்டுடுச்சு. பக்கத்துத் தெருவுக்குப் போயிட்டு வர இவ்வளவு நேரமா? ஏதோ ஆயிடுச்சு. நிச்சயமா ஆயிடுச்சு. எழுந்து கதவு வரைக்கும் போனேன். தாழ்ப்பாளைப் பிடிச்சேன். அதைப் பிடிச்சுக்கிட்டே நின்னேன். என் வாழ்க்கையில நான் அதைவிடக் கஷ்டமான வேலை எதுவும் செஞ்சதில்லை.

படியில குச்சி சத்தம் கேட்டுச்சு.

கதவைத் திறந்தேன். அக்கா நின்னுக்கிட்டிருந்தா. ஒரு முழங்கையில தோல் உரிஞ்சு ரத்தம் கசிஞ்சிருந்துச்சு. உடம்பெல்லாம் சிமெண்டுத் தூசி. கையில தேயிலைப் பொட்டலம். மூஞ்சியில அப்படி ஒரு கோபம்.

"கல்நெஞ்சக்காரி!"ன்னா உள்ளே வந்துகிட்டே. "ஒரு வார்த்தை பேசினா உன் வாயில முத்து உதிர்ந்துடுமா?"

"என்னாச்சுக்கா? கையைக் காட்டு."

"கையை விடு. கடைக்கு ஒழுங்காத்தான் போனேன். சிக்னல்ல ஒரு பொண்ணுகிட்ட கேட்டேன், தாண்டி விட்டா. தேயிலை வாங்கினேன். திரும்பறப்பதான் தப்பாத் திரும்பிட்டேன். போறேன் போறேன், வண்டிச் சத்தமே இல்லை. ஈரச் சிமெண்டு வாசனை. காலடியில ஜல்லி. வீடு கட்டுற இடத்துக்குள்ள போயிட்டேன் போல. கம்பியில தட்டி விழுந்தேன். அங்க ஒரு ஈ காக்கா இல்லை. 'சின்னவளே, போதும்டி, எந்தப் பக்கம்னு சொல்லு'ன்னு கேட்டேன். நீ வாயே திறக்கலை. 'ரத்தம் வருதுடி'ன்னேன். அதுக்கும் பேசலை! பரீட்சைன்னா இப்படியா? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு உன்னை நாலு கெட்ட வார்த்தை திட்டினேன். கேட்டியா இல்லையா?"

நான் துண்டை நனைச்சு எடுத்துக்கிட்டு வந்தேன்.

"அந்தக் கோபத்துலதான் எழுந்தேன். இவ கிட்ட இனிமே கேட்கறதில்லைன்னு, அப்படியே நின்னு காது குடுத்தேன். தூரத்துல பஸ்ஸுங்க போற சத்தம். அதைப் பிடிச்சுக்கிட்டு வந்தேன், சுவரைத் தட்டிக்கிட்டே. ரெண்டு தடவை தப்பு. மூணாவது தடவை வெளிய வந்துட்டேன்." பொட்டலத்தைக் கட்டில் மேல போட்டா. "சத்தியம் பண்ணினாலும் நீ பின்னாடி வருவேன்னு எனக்குத் தெரியும். எவ்வளவு தூரத்துல வந்தே? ஒரு தடவைகூட உன் செருப்புச் சத்தம் கேட்கலையே. அதுல மட்டும் கெட்டிக்காரிதான் நீ."

"நான் வரலைக்கா."

"பொய் சொல்லாதே."

"வாசல் வரைக்கும் வந்தேன். திரும்பிட்டேன். இங்கேயேதான் இருந்தேன். அண்ணன்கூட போன் பண்ணினான், போகலைன்னு சொல்லிட்டேன். வேணும்னா அவன்கிட்ட கேட்டுக்கோ."

அக்கா கண்ணாடியைக் கழட்டினா. என் முகத்தை முழுசாப் பார்க்க அவளுக்குத் தலையை மேலயும் கீழயும் அசைக்கணும். அப்படி அசைச்சுப் பார்த்தா. நெத்தியிலேர்ந்து தாடை வரைக்கும், ரெண்டு தடவை.

"அப்ப அங்க நான் யாரைத் திட்டினேன்?"

"யாரையும் இல்லைக்கா. அங்க நீ மட்டும்தான் இருந்தே."

வெளிய இருந்தப்ப வராத பயம் அவளுக்கு அப்பதான் வந்துச்சு போல. குச்சியைக் கீழே போட்டுட்டுக் கட்டில்ல உட்கார்ந்தா. டாக்டர்கிட்ட போயிட்டு வந்த அன்னிக்குக்கூட அழாதவ, வாயைத் திறந்து சின்னப் பிள்ளை மாதிரி ஓன்னு அழுதா. நான் அவ முழங்கையைத் துடைச்சுக்கிட்டே கூட அழுதேன்.

போன் திரும்ப அடிச்சுது. நான் எடுக்கப் போனேன். அக்கா கையை நீட்டி வாங்கிக்கிட்டா.

"டேய், கத்தாதே, நான்தான்"ன்னா, மூக்கை உறிஞ்சிக்கிட்டு. "பெயிண்டுக்காரனைத் திருப்பி அனுப்பிடு. மாடி வீட்டுச் சாவியை நான் குடுக்கப் போறதில்லை." அவன் அந்தப் பக்கம் என்னென்னவோ கேட்டான். அவ பொறுமையாக் கேட்டுக்கிட்டிருந்தா. "ஆமாடா, தொலைஞ்சுதான் போனேன். இல்லடா, யாரும் கூட்டிட்டு வரலை. நானேதான் வந்தேன்"ன்னா.

அப்புறம் போனைக் காதுலேர்ந்து எடுத்து மடியில வெச்சுக்கிட்டு, "நானேதான் வந்தேன்"னு இன்னொரு தடவை சொன்னா. அது அவனுக்குச் சொன்னதும் இல்லை, எனக்குச் சொன்னதும் இல்லை.